மேலே நின்று கவனித்தவர்

அந்த அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு பொரித்த கோழிக் கடையின் பின்சந்தில். பட்டம் வாங்கிய கையோடு நீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் மாதிரி எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற மிதப்பு கொஞ்சம் உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டுதான் எங்கேயும் போவேன். அன்று கடை பூட்டி முத்திரை வைக்கப்பட்டிருந்தது. கழிவுநீர்க் கால்வாயிலிருந்து ஐந்து பாட்டில் தண்ணீர் எடுக்க வேண்டும். ரொட்டி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நாற்பதை ஒட்டிய ஒரு பெண் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி வரச்சொன்னதால் வந்திருப்பதாகச் சொன்னாள்.

பாட்டிலை முக்கி எடுத்தேன். தண்ணீரின்மேல் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு திரண்டு மிதந்தது.

"தம்பி, இதுல எங்க பேரு ஏதாவது எழுதுவீங்களா?"

"இல்லக்கா. நம்பர் மட்டும்தான்."

"எப்ப எழுதுவீங்க?"

ஆபீஸ் போய் எழுதுவேன் என்றேன். "வேணாம். இப்பவே, தண்ணியைப் பார்த்துக்கிட்டே எழுதிருங்க" என்றாள். இவள் என்ன எனக்கு வேலை சொல்வது என்று சுருக்கென்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு அங்கேயே எழுதினேன்.

அதன்பிறகு மாதிரி எடுக்க நாலைந்து தடவை போனேன். ஒருமுறை அவள் வீட்டுக்கும் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் அவளுக்குக் கையெழுத்தக்கா என்று பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். பன்னிரண்டாவது படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சேர்ந்த மாதமே அதைக் கண்டுபிடித்த அப்போதைய மேனேஜர் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார். கோழியை மாவில் புரட்டி எண்ணெயில் இறக்குவதோடு பதிவேடும் அவள் பாடு.

பதிவேடு என்றால் சும்மா இல்லை. குளிர்பெட்டியின் சூடு இரண்டு மணிக்கொரு தரம். எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, பழைய எண்ணெயை மறுசுழற்சி லாரி எப்போது எடுத்துப் போனது, யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள், ஓய்வுக்கு எப்போது போனார்கள். கடைசியில் கொழுப்புத் தொட்டி. பாத்திரம் கழுவும் தண்ணீரெல்லாம் கடைக்குப் பின்னால் பூமிக்கடியில் இருக்கும் அந்தத் தொட்டியில் விழும். கொழுப்பு மேலே தேங்கும், தண்ணீர் அடியில் வழிந்து கால்வாய்க்குப் போகும். சனிக்கிழமைதோறும் ஒருவர் இறங்கிக் கொழுப்பை வாரி எடுக்க வேண்டும். ஒன்றரை ஆள் ஆழம். அதற்கு மட்டும் ஆறு கட்டங்கள்: இறங்கியவர், நேரம், முகமூடி, வாயு அளவு, அசம்பாவிதம், மேலே நின்று கவனித்தவர்.

மத்தியானக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமில்லாத கடையில் இரண்டு மணிக்கொரு தரம் யார் எழுதுவது? திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கடை கொஞ்சம் அடங்கும். அப்போது எண்ணெய் டின்கள் அடுக்கிய சாமான் அறையில் உட்கார்ந்து, அந்த வாரம் முழுவதையும் அக்கா எழுதி முடித்துவிடுவாள். இன்னும் வராத நாட்களையும் சேர்த்து. அதில் அவளுக்கு ஒரு கைத்தேர்ச்சியே வந்துவிட்டது. மூன்று பேனா வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு அழுத்தி எழுதுவாள், மறுநாளைக்குக் கொஞ்சம் கிறுக்குவாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் எண்ணெய் விரலால் ஒரு ரேகை வைப்பாள். எல்லா இடத்திலும் நாலு டிகிரி என்று போட்டால் சந்தேகம் வரும் என்று, ஓரிடத்தில் மூன்று புள்ளி எட்டு, ஓரிடத்தில் நாலு புள்ளி ஒன்று. தலைமை அலுவலகம் அந்தக் கடைக்குப் பச்சை இலை படம் போட்ட சான்றிதழ் கொடுத்தது. அதை வாசலில் மாட்டியிருந்தார்கள். பூமியைக் காப்போம், உழைப்பவரை மதிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். வாடிக்கையாளர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

மறுசுழற்சி லாரி வருஷத்துக்கு நாலு தடவை வந்தால் அதிகம். மிச்ச எண்ணெய் கால்வாய்க்குத்தான். அந்தக் கால்வாய் அவள் குடியிருக்கும் தெருவின் முதுகை உரசிக்கொண்டு போகிறது. மழைக்குத் தண்ணீர் ஏறினால் பிள்ளைகளின் காலில் சொறி வரும். "அண்ணி, நம்ம தெருவுக்கு மட்டும் கோழி வாசம் இலவசம்" என்று நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

தொட்டியில் இறங்குகிறவரைத் தொட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒடிசலான மனிதர், வாய் மட்டும் பெரிது. முகமூடி ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. தணிக்கைக்கு வருகிறவர்கள் அதைப் படம் எடுப்பார்கள். உறை பிரிந்தால் பழசாகத் தெரியும் என்று யாரையும் தொட விடுவதில்லை. வாயு அளக்கும் கருவியோ வேறு கிளைக்குச் சொந்தம். தணிக்கை நாளில் பைக்கில் வந்து சாயங்காலம் பைக்கிலேயே திரும்பிப் போகும். "அந்த மெஷினுக்கு இருக்கிற மரியாதையைப் பாரு தங்கச்சி, போகவர வண்டி அனுப்புறாங்க. நான் நடந்து வர்றேன்" என்பார்.

இறங்குவதற்கு முன் பின்கதவில் தலையை நீட்டி, "தங்கச்சி, இறங்குறேன்" என்று ஒரு குரல் கொடுப்பார். எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கிற அக்கா திரும்பாமலே "ம்" என்பாள். அவ்வளவுதான். மேலே நின்று கவனித்தவர் என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து திங்கட்கிழமையே விழுந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமையும் அவர் குரல் கொடுத்தார். அவளும் "ம்" என்றாள். ஏதோ விளையாட்டுக் குழுவினர் நாற்பது பேருக்குக் கோழி கேட்டிருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து, ரொட்டி இறக்க வந்த வண்டி ஓட்டுநர் பின்சந்திலிருந்து கத்தினார். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். தொட்டியின் வாயிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. கீழே, வெள்ளைக் கொழுப்புக்கு நடுவே, தொட்டிக்காரரின் சட்டை முதுகு மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, வண்டிக் கயிற்றின் முனையில் கொக்கி மாட்டி, எப்படியோ சட்டையோடு இழுத்துப் போட்டார். தொட்டிக்காரர் வாயில் நுரை. உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ் போகும்வரை அக்கா அங்கேயே நின்றாள்.

உள்ளே வந்து முகம் கழுவினாள். அப்போதுதான் பதிவேடு நினைவு வந்தது. 

சாமான் அறைக்குப் போய்ப் பதிவேட்டைப் பிரித்தாள். சனிக்கிழமைப் பக்கம் அழகாக நிரம்பியிருந்தது. தொட்டி சுத்தம், பதினொன்று முதல் பதினொன்று நாற்பது வரை. முகமூடி அணிந்தார். வாயு அளவு பூஜ்யம். அசம்பாவிதம் இல்லை. மேலே நின்று கவனித்தவர், அவள் கையெழுத்து. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தைந்து.

அந்த மனிதர் கொழுப்பில் முகம் புதைந்து கிடந்த நேரத்தில், தான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும் ஒன்றும் நடக்கவில்லை என்றும் தன் கைப்படவே எழுதி வைத்திருக்கிறாள்.

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.  காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைக் கண்டு கதவைச் சாத்தினாள். பத்தாவது படிக்கிற மகள், "அம்மா, ஒரு கையெழுத்துப் போடு" என்று பள்ளித் தாளை நீட்டியபோது பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். பழைய பதிவேடுகளை மனதுக்குள் புரட்டிப் புரட்டி எண்ணினாள். வருஷத்துக்கு ஐம்பது சனிக்கிழமை. ஒன்பது வருஷம். நானூற்றைம்பது தடவை ஒரு மனிதன் அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கிறான், மேலே நின்றது அவளுடைய கையெழுத்து மட்டும்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் அவளைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். முப்பது வயதைத் தாண்டாதவர். கழுத்துப்பட்டை தளர்ந்து கிடந்தது. வியாழக்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார், தலைமை அலுவலகத் தணிக்கை மேடமும் கூட வருகிறார் என்றார். பதிவேட்டுத் தாள்கள் எண் போட்டுத்தான் வரும். அவர் எங்கேயோ பிடித்து அதே எண்ணில் ஒரு வெற்றுத்தாள் கொண்டுவந்திருந்தார். சனிக்கிழமைப் பக்கத்தை அவள் கையாலேயே மறுபடி எழுத வேண்டும். தொட்டி வேலை அன்று வைக்கப்படவில்லை, அவர் யாரிடமும் சொல்லாமல் தானாக இறங்கிவிட்டார் என்று.

அக்கா தாளைக் கையில் வாங்கவில்லை.

"பழைய தாளு இருந்தா நீங்கதான் மேல நின்னதா ஆகும்க்கா. நின்னு பார்த்துக்கிட்டே காப்பாத்தலைன்னா அது என்ன கேஸ் தெரியுமா? உள்ள போயிருவீங்க. பொண்ணை நினைச்சுப் பாருங்க."

"அவரு சொல்லிட்டுத்தான் சார் இறங்கினாரு."

"யாருகிட்ட சொன்னாரு?"

அவள் பக்கத்து எண்ணெய் டின்னின் மூடியை அழுத்தி மூடினாள்.

"பார்த்தீங்களா, உங்களாலயே சொல்ல முடியல" என்றார் மேனேஜர். மிரட்டுகிற குரல் இல்லை அது. அவருக்கும் உதடு காய்ந்திருந்தது. "எனக்கும் மேல ஆளு இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுத் தாளை டின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சுமை வண்டி ஓட்டுகிறவர். காலையில் சவாரிக்குக் கிளம்பும்போதுதான் இருவரும் பேசிக்கொள்ள நேரம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார் என்றார். ஊர்ப் பாரத்தை எல்லாம் தலையில் தூக்கிக்கொள்ள நீ என்ன லாரியா என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை காலை அவள் எழுதினாள். மூன்று பேனாவில் எதை எடுப்பது என்று தெரியாமல் முதலில் கைக்கு வந்ததை எடுத்தாள். இறங்கியவர், கோடு. நேரம், கோடு. கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். மேலே நின்று கவனித்தவர். 'யாரும் இல்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். நானூற்றைம்பது சனிக்கிழமையும் எழுதியிருக்க வேண்டிய உண்மை அது ஒன்றுதான். அது இந்தப் பொய்த்தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

புதுத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பழையதைப் பதிவேட்டிலிருந்து கிழித்துத் தர வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கிழித்தாள். தரவில்லை. அதையும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலைவலி என்று சொல்லி இரண்டு மணிக்கே கிளம்பினாள். எங்கே போகிறோம் என்று யோசித்துப் போகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஆஸ்பத்திரி வாசல்.

தொட்டிக்காரரின் மனைவி நடையில் ஒரு பிளாஸ்டிக் கூடையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குழாய்களோடு படுத்திருந்தார். கண் திறக்கிறார், ஆள் தெரியவில்லை. அக்கா தான் யாரென்று சொல்லாமல் திரும்பிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் அவளுடைய சீருடையைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்து கையைப் பிடித்தாள்.

"கடையிலேருந்து வர்றீங்களா? அந்த எழுதுற அக்கா நீங்கதானே?"

அக்கா தலையசைத்தாள்.

"உங்களைப் பத்திச் சொல்லியிருக்காரு. மத்த எடத்துல எல்லாம் இறங்கப் பயமா இருக்கும், அங்க மட்டும் பயமில்ல, மேல ஒரு தங்கச்சி நிக்கும்பாரு. உங்க சத்தம் கேட்டாத்தான் இறங்குவாராம்." அவள் குரல் தணிந்தது. "இப்ப ஆபீஸ்ல, சொல்லாம இறங்கினாருங்கறாங்க. அப்படின்னா கம்பெனி கட்டுற வைத்தியச் செலவையும் நிறுத்திருவாங்களாம். சொல்லாம இறங்குற ஆளு இல்லக்கா அவரு. அன்னைக்கும் சொல்லியிருப்பாருல்ல?"

அக்கா வருகிறேன் என்று கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பஸ்ஸில் பையைத் திறந்து திறந்து பார்த்தாளாம். இரண்டு தாளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே கிடந்தன. ஒன்றைக் காட்டினால் அவள் உள்ளே போவாள். இன்னொன்றைக் காட்டினால் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குழாய்களைப் பிடுங்கிவிடுவார்கள். ஜன்னல் வழியாக இரண்டையும் வீசிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஜன்னல் ஓரம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை கடையின் மாடி அறையில் விசாரணை. மேசைக்குப் பின்னால் தொழிலாளர் துறை அதிகாரி, பக்கத்தில் தணிக்கை மேடம். மேடத்தின் சட்டையில் பச்சை இலை வில்லை. மேனேஜர் சுவரோரம் நின்றார். கூப்பிட்டதும் அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். சனிக்கிழமைப் பக்கம் எங்கே என்று அதிகாரி கேட்டார்.

அவள் இரண்டு தாளையும் மேசைமேல் வைத்தாள். மேனேஜர் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

அதிகாரி மாறி மாறிப் பார்த்தார். ஒரே எண். ஒரே கையெழுத்து. "இதுல எதும்மா உண்மை?"

"ரெண்டும் இல்லைங்க சார்."

 அக்கா தாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். 

"ரெண்டையும் நான்தான் எழுதினேன். இது திங்கக்கிழமை எழுதினது. இது நேத்து எழுதினது. அவரு விழுந்தது சனிக்கிழமை."

அதற்குமேல் தடையில்லாமல் வந்துவிட்டது. முகமூடி உறைக்குள் இருப்பது, கருவி பைக்கில் வருவது, எண்ணெய் கால்வாய்க்குப் போவது, ஓய்வு என்று எழுதிய நேரமெல்லாம் எல்லோரும் சட்டி முன்னால் நின்றது. தணிக்கை மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒன்பது வருஷமாகவா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அக்கா. நீங்கள் வருகிற நாளுக்கும் சேர்த்துத்தான் என்றாள்.

"அவர் சொல்லிட்டு இறங்கினாரா, சொல்லாமலா?" என்றார் அதிகாரி.

"சொல்லிட்டுத்தான். நான் உள்ளேருந்து 'ம்'னேன். வெளிய போகல."

அதிகாரி பழைய தாளை அவள் பக்கம் தள்ளினார். "இது உங்க மேலயும் திரும்பும், தெரியுமா?"

"தெரியும் சார். பயமாத்தான் இருக்கு."

அதை அப்படியே எழுதச் சொல்லி, கீழே கையெழுத்து வாங்கினார்கள். கோணலாக விழுந்ததாம். இது உங்கள் கையெழுத்துதானா என்று அதிகாரி ஒருமுறை கேட்க வேண்டியிருந்தது.

நான்காம் நாள் கடைக்கு முத்திரை வைத்தார்கள். கால்வாய்த் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லி எங்கள் கூடத்துக்குக் கடிதம் வந்தது அப்போதுதான். கூட வேலை பார்த்த பதினோரு பேரும் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி சந்தையில் அவளைப் பார்த்து, எங்கள் எல்லார் பிழைப்புக்கும் உலை வைத்துவிட்டாயே என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். அக்கா காய்கறிப் பையோடு வந்த வழியே திரும்பினாள்.  இரண்டு வாரம் ஒரு பைக் அவள் தெருமுனையில் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாத ஆள், ஒன்றும் செய்யவில்லை, நின்றுவிட்டுப் போய்விடுவான். கணவர் சவாரியைக் குறைத்துக்கொண்டு மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். நாத்தனார் கோழி வாசத்தைப் பற்றிச் சிரிப்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் மட்டும், "இத்தனை வருஷம் தெரிஞ்சேதான் இருந்தீங்களா அண்ணி?" என்று கேட்டாள். அக்கா ஆமாம் என்றாள்.

தொட்டிக்காரர் நாற்பத்தொரு நாள் கழித்து வீட்டுக்குப் போனார். வைத்தியம் கடைசிவரை கம்பெனி பொறுப்பிலேயே நடந்தது. வலது கால் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது. இப்போது ஒரு வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கொடுக்கிறார். கடை ஐந்து மாதம் கழித்து வேறு மேனேஜரோடு திறந்தது. தொட்டியில் ஆள் இறங்குவதில்லை, வாரம் ஒருமுறை குழாய் லாரி வந்து உறிஞ்சிப் போகிறது. கால்வாயில் போன மாதம் நான் எடுத்த மாதிரி முன்னளவுக்கு மோசமில்லை, குடிக்கிற லட்சணத்திலும் இல்லை.

அக்காவைக் கடையில் திரும்பச் சேர்க்கவில்லை. ஒரு மாணவியர் விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள், காலை ஆறிலிருந்து இரண்டு வரை. தொட்டி விபத்து வழக்கில் நாலு பேர் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறார்கள். அவள் பெயர் நாலாவதாக இருக்கிறது. அடுத்த வாய்தா வரும் மாதம் பதினேழாம் தேதி.